அவர் பாஸ் வைத்த பிறகு

ஜூன் 4, ஞாயிறு

இன்று பிரிட்ஜ் கிளப்பில் பதினான்கு ஜோடிகளில் எங்களுக்கு முதலிடம். காலையில் சிறுவாணித் தண்ணீர் வந்ததால் தொட்டியை நிரப்பிவிட்டுக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. அவர் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அதற்குச் சேர்த்து ஜெயித்துவிட்டோம்.

ஆட்டம் முடிந்ததும் ஹேமலதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம்தான் பிரிட்ஜ் ஆட வந்தவள். "வாணியக்கா, அதெப்படீங்க்கா எப்பவும் சரியா டபுள் வெக்கறீங்க? அண்ணன் கையில என்ன இருக்குதுன்னு எட்டிப் பாத்த மாதிரியே வெக்கறீங்க" என்றாள். புதியவர்களுக்குப் பயன்படும்படி அதை எழுதித் தரச் சொன்னாள். முப்பத்தொரு வருஷம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது என்ன பெரிய வேலை? இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. துருப்பை முடிவுசெய்யும் ஏலத்தில் வாய் பேசக் கூடாது, பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். நான் 'ஒரு ஹார்ட்' என்று ஆரம்பிக்கிறேன். அடுத்தவர் கிளாவர் சீட்டைச் சொல்லி 'இரண்டு கிளப்' வைக்கிறார். என் ஜோடி பாஸ். அவருக்கு அடுத்தவரும் பாஸ். திரும்ப என் முறை. நானும் பாஸ் வைத்தால் ஏலம் முடிந்தது, எதிரிகள் கிளப்பைத் துருப்பாக்கி நிம்மதியாக ஆடிவிட்டுப் போவார்கள். அப்படிப் போகவிடாமல், ஜெயித்தாலும் தோற்றாலும் பாயிண்ட்டை இரட்டிப்பாக்கும் டபுள் அட்டையை வைத்து மூடப்போகிற ஏலத்தை நான் திறக்கலாம். எப்போது திறப்பது?

என் ஜோடி பாஸ் வைத்ததற்குக் காரணம் இரண்டில் ஒன்று. அவர் கையில் ஒன்றுமில்லை. அல்லது கை நிறையக் கிளப்பை வைத்துக்கொண்டு, எதிரிகள் தோற்கட்டும் என்று காத்திருக்கிறார். அவரே டபுள் வைக்க முடியாது. அந்த இடத்தில் டபுள் என்றால், மற்ற வகைச் சீட்டுகள் தன்னிடம் இருப்பதாக எங்கள் முறைப்படி அர்த்தமாகிவிடும். அதனால் நான் திறந்தால்தான் அவருக்கு வழி. நான் என் கையைப் பார்க்க வேண்டும். கிளப் ஒன்றோ, இல்லவே இல்லையோ என்றால் மிச்சம் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்: டபுள் வை. மூன்று இருந்தால் அவரிடம் அதிகம் இருக்க வழியில்லை: விட்டுவிடு.

இரண்டு இருந்தால்?

இதை அப்புறம் சரியாக எழுத வேண்டும்.

ஜூன் 8, வியாழன்

சட்டைக்குப் பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிஷம். "கல்யாணத்துக்கா போறோம்?" என்று கேட்டேன்.

கிளப்பில் மோசம். என்னிடம் இரண்டு கிளப். அவர் நன்றாக யோசித்துத்தான் பாஸ் வைத்தார். நான் டபுள் வைத்தேன். சீட்டை விரித்தபோது அவர் கையில் ஒரு ராணியும் சில்லறைச் சீட்டுகளும். கிளப் ஒன்றே ஒன்று. எதிரிகள் சுலபமாக ஜெயித்தார்கள்.

வரும் வழியில் கொத்தமல்லியும் உளுத்தம்பருப்பும் வாங்கினேன்.

ஜூன் 11, ஞாயிறு

தண்ணீர் வரவில்லை. கிளப்புக்கும் போகவில்லை. அவருக்கு அசதியாம்.

ஜூன் 15, வியாழன்

மறுபடி அதே கதை. அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு பாஸ் வைக்கிறார், நான் டபுள் வைக்கிறேன், அவர் கை காலி. எதிர் ஜோடியில் இருந்த டாக்டர் ரங்கபாஷ்யம் சிரித்துக்கொண்டே பாயிண்ட்டை எழுதிக்கொண்டார்.

காரில் ஏறியதும் எனக்குத் தாங்கவில்லை.

"கையில ஒண்ணுமே இல்லாம என்னத்தீங்க அத்தன நேரம் யோசிச்சீங்க?"

"நான் யோசிக்கவே இல்ல வாணி."

"நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

அவர் வண்டியைக் கிளப்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் யோசிச்சா உனக்கென்ன, யோசிக்காட்டி உனக்கென்ன? அட்டதான பேசோணும்?" என்றார்.

எதற்கு அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. தோற்றவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன்.

ஜூன் 22, வியாழன்

ஹேமலதாவுக்குத் தரவேண்டிய குறிப்பு பாதியில் நிற்கிறது. 'இரண்டு இருந்தால்' என்பதற்கு ஒரு விதி சொல்லலாம் என்று பழைய ஆட்டக் குறிப்புகளை எடுத்து உட்கார்ந்தேன். போன மூன்று வருஷத்தில் எதிரிகளின் துருப்பு என்னிடம் இரண்டு இருந்த ஆட்டங்களை மட்டும் பொறுக்கினேன். டபுளோ பாஸோ, இந்த மார்ச் வரைக்கும் முப்பத்தெட்டில் முப்பத்தாறு முறை சரியாக முடிவெடுத்திருக்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு ஒன்பதில் மூன்று.

என் கையை மட்டும் வைத்து அந்த முப்பத்தாறையும் எப்படிச் சரியாகச் சொன்னேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே மாதிரியான கையில் ஒருநாள் டபுள், இன்னொரு நாள் பாஸ். இரண்டும் சரி. சீட்டில் அதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

கண் வலித்தது. நோட்டை மூடிவிட்டேன். அறுபத்தொரு வயதில் கண்ணாடி மாற்ற வேண்டும்போல.

ஜூன் 25, ஞாயிறு

நேற்று கேஸ் ஏஜென்சியில் அவருடைய படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பம்பு கம்பெனியில் முப்பது வருஷம் வரைபடம் போட்ட கை. இப்போது 'தெய்வசிகாமணி' என்று எழுதினால் ஆரம்பத்தில் ஓர் அளவு, முடிக்கும்போது எறும்பு அளவு. பேனா சரியில்லை என்றார். புதுப் பேனா வாங்கிக்கொடுத்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

சாப்பிடும்போது, "இந்த வருஷம் மாநிலப் போட்டி வேண்டாமே வாணி" என்றார். பேர் கொடுத்தாகிவிட்டது, போட்டியும் இங்கே கோயம்புத்தூரிலேயே நடக்கிறது, போன வருஷம் இரண்டாவதாக வந்தோம், இந்த வருஷம் விட்டால் எப்போது என்றெல்லாம் பேசினேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "சரி" என்றார்.

எனக்காகத்தான் சரி என்றார். அது தெரிந்தும் விட்டுவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

காலை பத்தரைக்கு வீட்டுப் போன் அடித்தது. ஒரு பெண் பேசினாள். நரம்பு டாக்டரின் கிளினிக்கிலிருந்து. "சார் ஜூன் மாசம் வரவே இல்லீங்களே, மாத்திரை தொடர்ந்து சாப்பிடறாருங்களா?" என்று கேட்டாள். நம்பர் தப்பாக இருக்கும் என்றேன். அவள் அவர் பெயரையும் வயதையும் சொன்னாள்.

அவர் தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் நின்றிருந்தார். போய்ச் சொன்னேன்.

"பார்க்கின்சன்னு சொன்னாங்க. மார்ச்லயே தெரியும்."

"எனக்கு ஏனுங்க சொல்லல?"

"சொன்னா அன்னைல இருந்து என்னைய நோவுக்காரனாத்தான் பாப்ப. இன்னும் கொஞ்ச நாளைக்கு உன் பார்ட்னராவே இருந்துக்கறேன்னு பாத்தேன்."

மாத்திரை தூக்கம் வரவைப்பதால் ஆட்டம் இருக்கும் நாட்களில் போடுவதில்லையாம். சண்டை போட்டேன், அழுதேன், மறுபடி சண்டை போட்டேன். கை சொன்னபடி கேட்பதில்லை, அட்டையை எடுக்க நினைத்தால் அது கிளம்புவதற்கே நேரமாகிறது என்றார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். கிளப்பில் யாருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் செய்தேன்.

பொத்தானுக்காக அவரைக் கேலி செய்திருக்கிறேன். எத்தனை நாள்?

அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. மார்ச்சிலிருந்து என் டபுள் ஏன் தப்பாகிறது என்று. அதைப் பற்றி இன்று எழுத முடியவில்லை.

ஜூலை 13, வியாழன்

கிளப்புக்குப் போகவில்லை. மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். ஹேமலதா குறிப்பு எங்கே என்று கேட்டு செய்தி அனுப்பியிருந்தாள். பதில் போடவில்லை.

ஜூலை 22, சனி

மாநிலப் போட்டி, இரண்டாம் நாள். எழுதக் கை வரவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

கடைசிச் சுற்றுக்கு முன்பு நாங்கள்தான் முதலிடம். கடைசி மேஜையில் ரங்கபாஷ்யமும் அவர் ஜோடியும். நான் ஒரு ஹார்ட். ரங்கபாஷ்யம் இரண்டு டைமண்ட். இவர் பாஸ். அடுத்தவர் பாஸ். என்னிடம் டைமண்ட் இரண்டு. டபுள் வைத்தேன். இவர் பாஸ் வைத்து அதை அப்படியே நிறுத்தினார். இவர் கையில் டைமண்ட் ஐந்து. எதிரிகள் மூன்று பிடி குறைவாக எடுத்துத் தோற்றார்கள். எண்ணூறு பாயிண்ட்.

ரங்கபாஷ்யம் கையைத் தூக்கி டைரக்டரைக் கூப்பிட்டார். போட்டியை நடத்தும் பெஞ்சமின் வந்தார். "மிஸ்டர் சிகாமணி பாஸ் வெக்க ரொம்ப நேரம் எடுத்தார் சார். அதப் பாத்துட்டுத்தான் மேடம் டபுள் வெச்சாங்க" என்றார் ரங்கபாஷ்யம், என் முகத்தைப் பார்க்காமல். பெஞ்சமின் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: தாமதம் இருந்ததா? இருந்தது என்று நானும் சொன்னேன்.

விதி இதுதான். ஜோடி தயங்கியது கண்ணில் பட்டாலும் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. என் கைக்கு பாஸும் நியாயமானது என்றால், தயக்கம் காட்டிய பக்கம் நான் போகக் கூடாது.

நாளை காலை கமிட்டி விசாரிக்கும். கோப்பையை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு, போட்டி நடந்த ஹோட்டலின் வராந்தாவில் காத்திருந்தோம். அவர் என் பக்கம் குனிந்து, "வாணி, என் நோவச் சொல்லிடலாம்" என்றார்.

"சத்தியம் வாங்குனீங்களே?"

"நான்தான வாங்குனேன், நானே திருப்பித் தாரேன். எனக்குக் கை எப்பவுமே மெதுவாத்தான் போவும், டாக்டர் சீட்டு இருக்குது. அப்ப அந்தத் தாமதத்துக்கு அர்த்தமே இல்லைன்னு ஆயிடும். உன் டபுள் நிக்கும், கப்பும் நமக்குத்தான்."

அவர் சொன்னது விதிப்படி சரி. எல்லா அட்டைக்கும் ஒரே மாதிரித் தாமதிப்பவரின் தாமதத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. இரக்கத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசமாட்டார்கள். நாலு மாதமாக மறைத்ததை எனக்காக நாலு பேர் முன்னால் அவிழ்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

ஆனால் நேற்று அவர் கையை நான் பார்த்தேன். நோய் வந்த பிறகு அவர் கை பெட்டியை நோக்கிக் கிளம்பிவிடும், வழியில்தான் தாமதமாகும். நேற்று அது கிளம்பவே இல்லை. மேஜைமேல் அசையாமல் இருந்தது. பழையபடி, மார்ச்சுக்கு முன்னால் அவர் நிஜமாகவே யோசிக்கும்போது இருந்தபடி. அதைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் சந்தோஷம். டைமண்ட் அவரிடம் இருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. இரண்டு இருந்தால் என்ன செய்வது என்ற விதியை நான் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். விதி எதுவும் இல்லை. இத்தனை வருஷமும் நான் பார்த்தது அவர் கையைத்தான்.

உள்ளே மூன்று பேர் கமிட்டி. பெஞ்சமின் நடந்ததை வாசித்தார். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும் இவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு ஒரு..." என்று ஆரம்பித்தார்.

நான் முந்திக்கொண்டேன். "அவர் தயங்கினது எனக்குத் தெரிஞ்சுதுங்க. அதப் பாத்துத்தான் டபுள் வெச்சேன்."

ரங்கபாஷ்யம்கூட நிமிர்ந்து பார்த்தார். கமிட்டியில் நடுவில் இருந்த அம்மா கேட்டார்: "இதுதான் முதல் தடவையா?"

"இல்லீங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அரைமணி நேரத்தில் முடிவு வந்தது. எண்ணூறு பாயிண்ட் ரத்து. ஐந்தாம் இடம். என்னை ஒரு வருஷத்துக்குப் போட்டிகளிலிருந்து நீக்கினார்கள்.

மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். காரில் ஏறியதும் அவர் சொன்னார்:

"உன் பாரத்த நீ எறக்கிட்ட. எம் பேரு? புருஷனும் பொண்டாட்டியும் கை ஜாடை வெச்சுத்தான் இத்தன கப்பும் வாங்குனாங்கன்னு பேச மாட்டாங்களா? என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஜூலை 24, திங்கள்

பேச்சில்லை. தோசை சுட்டேன். இரண்டு சாப்பிட்டார்.

ஜூலை 26, புதன்

ஹேமலதாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாலையில் ஒரு செய்தி வந்தது: 'அக்கா, நீங்க எழுதித் தரேன்னு சொன்னது இனி வேண்டாம்.' வேறு ஒன்றுமில்லை. அதைப் பலமுறை படித்தேன்.

ஜூலை 28, வெள்ளி

பால்காரர் போன பிறகு, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அவராகவே பேசினார்.

"நீ என் கையத்தான் பாக்கறேன்னு எனக்குத் தெரியும் வாணி. ரொம்ப வருஷமாத் தெரியும்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"ஒரே வேகத்துல அட்ட வெக்கப் பழகிப் பாத்தேன், முடியல. அப்புறம் ஜெயிக்க ஆரம்பிச்சமா, அப்படியே உட்டுட்டேன். நோவு வந்தப்ப, நீ நம்ப மாட்ட, ஒரு பக்கம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. இனி என் கையப் பாத்து உன்னால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுல்ல."

"அப்புறம் அன்னைக்கு மட்டும் ஏனுங்க...?"

"அன்னைக்கு வேணும்னுதான் நின்னேன்." டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் சிந்தியது. "அடுத்த வருஷம் என்னால உக்கார முடியாது. உனக்கு அந்தக் கப்ப ஒரு தடவ வாங்கிக் குடுத்துரலாம்னு. கைய அசைக்காம வெச்சிருந்தேன். நீ பாப்பேன்னு தெரியும்."

நான் பார்த்தேன். அவர் நினைத்தது போலவே.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். மேஜையைத் துடைத்தேன். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கமிட்டியில் நான் சொன்னது முழு உண்மை என்று ஐந்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் என்னிடம் இருந்தது.

ஜூலை 30, ஞாயிறு

ஆட்டம் இல்லாத ஞாயிறு எவ்வளவு நீளம். துணிமணிகளை மடித்து அலமாரியை ஒழுங்கு செய்தேன்.

அவர் பெஞ்சமினுக்குப் போன் போட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்து, "வேணும்னு நின்னதச் சொல்லிட்டேன். எனக்கும் ஒரு வருஷம்" என்றார். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மார்க்கு. பார்ட்னருன்னா அப்படித்தான்."

ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தேன்.

"நோவப் பத்திச் சொன்னீங்களா?"

"அது எதுக்கு? அது ஆட்டத்துல சேத்தியில்ல."

ஆகஸ்ட் 3, வியாழன்

நரம்பு டாக்டரிடம் போனோம். முதல் முறையாக இரண்டு பேரும் சேர்ந்து. சின்ன வயதுப் பெண் டாக்டர், பொறுமையாகக் கேட்கிறார். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "வேற ஏதாச்சும் சிரமம் இருக்குங்களா சார்?" என்று கேட்டார்.

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எனக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. பொத்தான் போடச் சிரமம், எழுதச் சிரமம், சாயங்காலம் அசதி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருப்பேன். டாக்டர் என்னைத்தான் பார்த்தார். இவரிடமே கேட்டுவிடலாம் என்று அந்த நேரத்தில் ஏனோ தோன்றியது.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

ரொம்ப நேரமானது. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு அவர் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்ரூம்ல ரெண்டு தடவ உழுந்துட்டனுங்க. ஏப்ரல்ல ஒருக்கா, மே மாசம் ஒருக்கா. கதவப் புடிச்சுட்டு நானே எந்திரிச்சுட்டேன். மறுபடி உழுந்துருவேனோன்னு தெனமும் பயமா இருக்குதுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். பிடிமானக் கம்பி போடச் சொன்னார், தரைக்கு ரப்பர் விரிப்பு, மாத்திரையில் ஒரு மாற்றம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஏப்ரலிலும் மே மாதத்திலும் நான் எங்கும் ஊருக்குப் போகவில்லை. இரண்டு தடவையும் வீட்டில்தான் இருந்திருக்கிறேன்.

திரும்பும்போது கார் சாவியை என்னிடம் கொடுத்தார். ஓட்டி வந்தேன். சிக்னலில் நின்றபோது, "அடி பட்டுதுங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது தடவ முட்டியில."

"எந்தக் காலு?"

"வலது."

பச்சை விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் வேட்டியை விலக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினார். காயம் ஆறித் தழும்பாகி, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. மூன்று மாதமாக அது அங்கே இருந்திருக்கிறது.